அந்தமான் கடலுக்கு எந்தக் கண்காணிப்புக் கேபிள் தாங்கும்?

2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா அருகே கடலடி நிலம் பெயர்ந்தபோது, அலை நாகப்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கார் நிக்கோபாருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு ஊருக்கும் ஒரே வகையான எச்சரிக்கை ஏற்பாடு போதாது. தமிழ்நாட்டுக் கரைக்கு, நடுக்கடலில் நிறுத்திய மிதவை தரும் தகவலை வைத்தே மக்களை வெளியேற்ற நேரம் கிடைக்கும். நிக்கோபாருக்கு அப்படி இல்லை. கடலடியிலிருந்து சில நிமிடங்களில் நேரடியாகச் செய்தி வந்தால்தான் பயன். அதற்கு, சென்சார்களோடு கடலடியில் கிடக்கும் கேபிள் வேண்டும்.

கேபிள் என்றதும் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். ஆயுளை முதலில் கேட்க வேண்டும் என்பேன். பெரிய சுனாமி அடுத்த ஆண்டும் வரலாம், நம் பேரன் காலத்திலும் வரலாம். அது வருகிற நாளில் கேபிள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். போட்டு ஐந்தாம் ஆண்டில் பாதி சென்சார் செத்துப்போன கேபிளால் யாருக்கும் லாபமில்லை.

இன்று கையில் இருக்கும் வழிகள் நான்கு. மிதவைகளோடு நின்றுவிடலாம். ஜப்பானின் எஸ்-நெட் போல, சென்சார்களைக் கேபிளோடு சேர்த்தே செய்து மொத்தமாகக் கடலில் இறக்கிவிடலாம். அதே ஜப்பானின் டோனெட் போல ஒரு தாய்க் கேபிளைப் போட்டு, அதில் கருவிகளைச் செருகிக் கழற்றும்படி வைக்கலாம். அல்லது தொலைத்தொடர்புக் கேபிளையே கண்காணிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். இவற்றை ஒப்பிடும் முன், கடலில் ஒரு கேபிள் எதனால் சாகிறது என்று பார்த்துவிடுவோம்.

கேபிளைச் சாகடிப்பது எது

ஆழம் கூடக் கூடக் கேபிள் தடிமனாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் நம் கட்டைவிரல் தடிமன்தான், 17 முதல் 20 மில்லிமீட்டர். நடுவில் பசை நிரப்பிய குழாயில் கண்ணாடி இழைகள், அதைச் சுற்றி எஃகுக் கம்பிகள், அதன்மேல் மின்சாரம் கடத்தும் செம்புக் குழாய், கடைசியாக பாலிஎத்திலீன் உறை. அவ்வளவுதான். கரையை நெருங்க நெருங்கத்தான் அது பருக்கும். துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி ஒரு சுற்று, தார், பாலிபுரொப்பிலீன் நூல், மறுபடி ஒரு சுற்றுக் கம்பி என்று இரட்டைக் கவசம் ஏறி, கரைமுனையில் 50 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். இந்தக் கவசக் கேபிளை ஆழ்கடலில் போட முடியாது. பழுது பார்க்க மேலே இழுக்கும்போது தன் எடையையே அதனால் தாங்க முடியாது.

ஆழத்தில் அழுத்தம் பயங்கரமானதுதான். 7,000 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். ஆனால் திடமான கேபிளுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, உள்ளே நசுங்குவதற்குக் காற்று இல்லையே. அங்கே குளிர், இருட்டு, அமைதி. பாசியும் சிப்பியும் ஒட்டுவது வெளிச்சம் படும் மேல்நீரில்தான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் பதிவாகின்றன. அவற்றில் முக்கால் பங்குக்கு மீன்பிடி இழுவலைகளும் கப்பல் நங்கூரங்களும்தான் காரணம். அதாவது பெரும்பாலான கேபிள்கள் ஆழம் குறைந்த கண்டத்திட்டில் மனிதர் கையால்தான் அறுபடுகின்றன. சுறா கடிப்பதாக 1980களில் நிறையப் பேசினார்கள். கனேரித் தீவுப் பக்கம் போட்ட கேபிளில் சுறாப் பற்களே சிக்கின. உறைகளை மாற்றிய பிறகு அது பழைய கதையாகிவிட்டது.

மெதுவாகக் கொல்பவை வேறு. கரடுமுரடான பாறைத் தரையில் கேபிள் இரண்டு மேடுகளுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கும். நீரோட்டம் அதை இடைவிடாமல் அதிர வைக்க, கிணற்றுக் கயிறு கல் விளிம்பில் தேய்வது போலத் தேய்ந்துகொண்டே வரும். கவசத்தின் துத்தநாகம் உப்புநீரில் அரிக்கும்போது ஹைட்ரஜன் வெளியாகி, அது கண்ணாடி இழைக்குள் புகுந்தால் ஒளி மங்கும். இழையைச் செம்புக் குழாய்க்குள் அடைத்து மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். கேபிளைவிட, கேபிளில் மாட்டிய உலோகக் கூடுகளுக்கும் இணைப்புகளுக்கும்தான் இது எமன்.

கடைசியாக, எந்தக் கவசமும் தாக்குப்பிடிக்காத ஒன்று இருக்கிறது: கடலடிச் சேற்று வெள்ளம். 1929இல் கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் நடந்த கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் வடஅட்லாண்டிக்கின் தந்திக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அறுந்த நேரங்களை வைத்துத்தான் பின்னாளில் அந்த வெள்ளத்தின் வேகத்தையே கணக்கிட்டார்கள். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்று முகத்திலிருந்து கிளம்பிய சேற்று வெள்ளம் கடலடிப் பள்ளத்தாக்கில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக் கேபிள்களை அறுத்தது. போகப் போக அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டரிலிருந்து 8 மீட்டராகக் கூடியது. இதற்குத் தடித்த கேபிள் வாங்கிப் பயனில்லை. பள்ளத்தாக்கின் வழியில் போடாமல் இருப்பது ஒன்றே வழி.

மிதவை

கடலடியில் அழுத்த சென்சார், மேலே மிதவை, இரண்டுக்கும் நடுவே ஒலி அலையில் பேச்சு, மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதிலிருந்து நாம் நம்பியிருப்பது இதைத்தான். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி. தானே இத்தகைய மிதவைகளை வடிவமைத்துக் கடலில் நிறுத்தி வருகிறது.

ஆயுள் விஷயத்தில் இதுதான் கடைசி. மிதவையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலையும் வெயிலும் ஒரு பக்கம் என்றால், மனிதத் தொந்தரவு மறு பக்கம். மிதக்கும் எதன் அடியிலும் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையில் கட்டுவார்கள், அதிலிருப்பதைக் கழற்றுவதும் உண்டு. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, 2004க்குப் பிறகு அந்த நாட்டுக் கடலில் வைத்த 22 மிதவைகளும் பல ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடந்தன. இதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. கருவி வாங்கக் கிடைத்த பணம் பராமரிப்புக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் மிதவையைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். ஒன்று கெட்டால் ஒரு சாதாரண ஆராய்ச்சிக் கப்பலில் போய் மாற்றிவிட்டு வரலாம். இந்த வசதி கேபிளில் எதற்கும் கிடையாது.

எஸ்-நெட்: மூடிப் போட்டால் தொடவே வேண்டாம்

2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு ஜப்பான் கட்டியது இது. ஹொக்கைடோவிலிருந்து போசோ தீபகற்பம் வரை, ஜப்பான் அகழியை ஒட்டி 150 நிலையங்கள், ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர் கேபிள். ஒவ்வொரு நிலையமும் இரண்டேகால் மீட்டர் நீள உலோக உருளை. நிலநடுக்க சென்சாரும் அழுத்த சென்சாரும் அதற்குள்ளேயே. தொலைத்தொடர்புக் கேபிளில், மங்கும் ஒளியை மறுபடி வலுவாக்கும் ரிப்பீட்டர் எப்படி இருக்குமோ அப்படியே கேபிளின் நடுவில் உட்கார்ந்திருக்கும். கேபிள் கப்பல் கேபிளை இறக்கும்போதே நிலையமும் இறங்கிவிடும். சில நிலையங்கள் 7,000 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன. கடலுக்கடியில் செருகும் இணைப்பு என்று ஒன்று இதில் இல்லை. இதன் பலம் அங்கேதான் இருக்கிறது. 25 ஆண்டு தாங்கும்படி தொலைத்தொடர்புத் துறை பல பத்தாண்டுகள் செய்து பார்த்துத் தேர்ந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் இரண்டு முடிவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1,500 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் கேபிளையும் நிலையத்தையும் தரைக்கடியில் புதைத்தார்கள். இழுவலைக்கு மேலே எதுவும் தட்டுப்படாது. மொத்த அமைப்பையும் ஆறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் வெவ்வேறு கரைநிலையங்களில் ஏற்றினார்கள். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கத்திலிருந்தும் மின்சாரமும் தகவலும் ஓடும்.

கரைநிலையம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கசப்பான அனுபவம் காட்டுகிறது. 1996இல் டோக்கியோ பல்கலைக்கழகம் கமாய்ஷி கடலில் ஒரு சிறு கண்காணிப்புக் கேபிள் போட்டிருந்தது. 2011இல் பூமி அதிர்ந்ததும், கரையிலிருந்து 76 கிலோமீட்டர் தள்ளி, 1,600 மீட்டர் ஆழத்தில் இருந்த அதன் அழுத்த சென்சார், கடல்மட்டம் முதலில் மெதுவாக 2 மீட்டர் உயர்வதையும், அப்புறம் இரண்டே நிமிடத்தில் மேலும் 3 மீட்டர் எகிறுவதையும் காட்டியது. கரைக்கு 30 கிலோமீட்டர் நெருக்கமாக இருந்த இன்னொரு சென்சார், சில நிமிடம் கழித்து அதே அலையைப் பதிவு செய்தது. இரண்டுமே கடலடியில் நின்று தாங்கின. செத்தது கரைநிலையம். அரை மணி நேரத்தில் சுனாமி வந்து அந்தக் கட்டடத்தை அழித்தது, பதிவும் நின்றது. கேபிளுக்கு எவ்வளவு கவசம் போட்டாலும், கடைசியில் அது போய்ச் சேரும் அறை தாழ்வான கரையில் இருந்தால் அத்தனையும் வீண்.

எஸ்-நெட்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. உள்ளே ஒரு சென்சார் கெட்டால் கெட்டதுதான். அதை மாற்றக் கேபிளையே தூக்க வேண்டும், ஒரு சென்சாருக்காக யாரும் அதைச் செய்யமாட்டார்கள். உருளை வடிவம் என்பதால், புதைக்காத இடங்களில் பலத்த அதிர்வு வந்தால் நிலையம் லேசாக உருளும். அப்போது அதிர்வின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியின் அளவீட்டில் பிழை கலக்கும். இருபது ஆண்டு கழித்து நல்ல சென்சார் வந்தாலும் இதில் சேர்க்க இடமில்லை.

டோனெட்: கழற்றி மாட்டலாம், ஆனால் மாட்டுமிடம்தான் பலவீனம்

கீ தீபகற்பத்துக்குத் தெற்கே, நன்காய் பள்ளத்தின் மேல் போட்டது டோனெட். முதல் பகுதி 2011இலும் இரண்டாவது 2016இலும் முடிந்தன. இரண்டிலும் சேர்த்து 51 நிலையங்கள். தொலைத்தொடர்புத் தரத்தில் ஒரு தாய்க் கேபிள், அதில் இடையிடையே கிளைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மெல்லிய கிளைக் கேபிள் போய்க் கருவியைச் சேரும். ஹைப்பர்-டால்ஃபின் என்ற ரோபோ கீழே இறங்கி, இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தன் கையால் செருகியைச் செருகும். நிலநடுக்கமானியை வண்டலுக்குள் குழி தோண்டி இறக்க முடிவதால் இரைச்சல் குறைவு, உருளும் தொல்லையும் இல்லை. கெட்ட கருவியை எடுத்துப் புதியதை வைக்கலாம். பின்னாளில் கடலடி ஆழ்துளைக் கிணற்றுக் கருவியைக்கூட இதில் சேர்த்தார்கள்.

அந்தச் செருகியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உப்புநீருக்குள்ளேயே மின்சாரத்தையும் ஒளியையும் இணைக்கும் கருவி அது. ஒரு பக்கத்தில் எண்ணெய் நிரப்பிய அறை, வாயில் ரப்பர் அடைப்பு. ஊசி உள்ளே நுழையும்போது ரப்பர் அதன்மேல் ஒட்டியிருக்கும் நீரை வழித்துவிட வேண்டும். ஒரு மணல் துகள் அடைப்பில் சிக்கினாலும், ரப்பர் வயதாகி இறுகினாலும் நீர் உள்ளே போகும். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 52 கிலோமீட்டர் கேபிளின் முனையில், 891 மீட்டர் ஆழத்தில் மார்ஸ் என்ற கடலாய்வு நிலையத்தை 2008 தொடக்கத்தில் இறக்கினார்கள். மின்சாரம் கொடுத்துச் சற்று நேரத்திலேயே மின் இணைப்பு ஒன்றில் நீர் கசிந்து நின்றுபோனது. மேலே எடுத்துச் சரிசெய்து, நவம்பரில்தான் ஓடவிட முடிந்தது. இப்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் செருகி வைத்தால், கசிய வாய்ப்புள்ள இடங்களையும் கூட்டிக்கொண்டே போகிறோம்.

வான்கூவர் தீவுக்கு அப்பால் 2009 முதல் ஓடும் கனடாவின் நெப்டியூன் வலையும் இதே வகைதான். 800 கிலோமீட்டர் வளையம், 10,000 வோல்ட் மின்சாரம். அங்கே கருவிகளை எடுப்பதும் மாட்டுவதுமாக ஆண்டுதோறும் கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. பல துறை ஆராய்ச்சிக்கு இதைவிடச் சிறந்த வடிவம் கிடையாது. எச்சரிக்கைக்கு மட்டும் என்றால், ஆண்டுதோறும் கப்பல் அனுப்பும் பட்ஜெட்டை ஏதாவது ஓர் அரசு ஏதாவது ஓர் ஆண்டில் வெட்டத்தான் செய்யும்.

கிளைக் கேபிள் மெல்லியது, தரைமேல் கிடப்பது என்பதையும் மறக்கக் கூடாது. நார்வேயின் லோஃபோடன்–வெஸ்டெரோலன் கடலாய்வுக் கேபிள் 2021 ஏப்ரலில் திடீரென்று ஊமையானது. போய்ப் பார்த்தபோது நான்கு கிலோமீட்டருக்கு மேல் கேபிளைக் காணவில்லை. காணாமல் போனதன் எடை மட்டும் ஒன்பதரை டன்.

இருக்கிற கேபிளிலேயே காது வைப்பது

இதில் இரண்டு வகை. புதிதாகப் போடும் தொலைத்தொடர்புக் கேபிளின் ரிப்பீட்டர்களில் வெப்பம், அழுத்தம், அதிர்வு சென்சார்களைச் சேர்ப்பது ஒன்று. ஐ.நா.வின் மூன்று அமைப்புகள் 2012 முதல் ஸ்மார்ட் கேபிள் என்ற பெயரில் இதற்காக முயல்கின்றன. போர்ச்சுகல் லிஸ்பனையும் அசோரஸ், மதேய்ராத் தீவுகளையும் இணைக்கும் புதிய வளையத்தில் இதைச் சேர்க்கிறது. ஆயுள் கணக்கில் இது எஸ்-நெட்டுக்குச் சமம்.

மற்றது, கரைமுனையில் ஒரு லேசர் பெட்டியை வைத்து, கண்ணாடி இழையையே சென்சார் ஆக்குவது. இழையின் நுண்ணிய குறைகளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்தால், இழை எங்கே எவ்வளவு இழுபட்டது என்று தெரிந்துவிடும். மார்ஸ் கேபிளிலேயே இதைச் செய்து நிலநடுக்கத்தைப் பதிவு செய்தார்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் திமிங்கிலங்களின் குரலைக் கேட்டார்கள். கடலுக்குள் புதிதாக ஒன்றும் வைக்காததால் கெடுவதற்கும் ஒன்றும் இல்லை. கெடக்கூடிய பெட்டி கரையில், குளிரூட்டிய அறையில் இருக்கிறது. ஆயுளை மட்டும் பார்த்தால் நான்கிலும் இதுதான் முதலிடம். ஆனால் எட்டுவது 100 கிலோமீட்டர் அளவுக்குத்தான், முதல் ரிப்பீட்டரோடு சரி. மெதுவாக ஏறும் சுனாமியின் உயரத்தை அழுத்த சென்சார் போல நம்பகமாக அளக்கவும் இதனால் இப்போதைக்கு முடியாது. 2020 ஆகஸ்ட்டில் திறந்த சென்னை–அந்தமான் கேபிள் 2,300 கிலோமீட்டர். கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதில் எந்த சென்சாரும் வைக்கவில்லை. அத்தனை செலவு செய்த இடத்தில் அந்த வாய்ப்பைத் தவறவிட்டது எனக்குப் பெரிய ஆதங்கம். தீவுகளின் கரைமுனைகளில் உபரி இழை இருந்தால் லேசர் பெட்டியை இன்றைக்கும் மாட்டலாம்.

எதைத் தேர்வு செய்வது

எது முதலில் கெடும் என்பதோடு, கெட்டால் அதைப் போய்த் தொட நம்மால் முடியுமா என்றும் கேட்க வேண்டும். இந்தியக் கொடியோடு ஓடும் கேபிள் பழுதுபார்ப்புக் கப்பல் இல்லை என்பதை 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே தன் பரிந்துரையில் சொன்னது. கேபிள் அறுந்தால் வெளிநாட்டுக் கப்பலைக் கூப்பிட்டு, அனுமதி வாங்கி, காத்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பில் அறுந்த, பசிபிக் தீவு நாடான டோங்காவின் பன்னாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. உள்நாட்டுக் கேபிளுக்கு ஓராண்டுக்கு மேல். எதிர்ப்பக்கம், ரோபோ விஷயத்தில் நம் கை சும்மா இல்லை. என்.ஐ.ஓ.டி.யின் ரோசப் 6000 என்ற ரோபோ 2010இலேயே 5,289 மீட்டர் ஆழம் போய் வந்தது. அதைச் சுமக்க சாகர் நிதி கப்பலும் இருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், அந்தமான்–நிக்கோபாருக்கு முதுகெலும்பாக எஸ்-நெட் வகையைத்தான் தேர்வு செய்வேன். தொட முடியாத ஆழத்தில் தொட வேண்டிய அவசியமே இல்லாத பொருளை வைப்பதுதான் சரி. கூடவே, ரோபோ சுலபமாகப் போய்வரும் ஆழத்தில் இரண்டு மூன்று கிளைப்பெட்டிகள் மட்டும் விட்டுவைக்கலாம். பிற்காலக் கருவிகளுக்கு அது போதும். சிக்கலான செருகிகளை ஐம்பது இடத்தில் வைக்கும் டோனெட் முறை, கப்பலும் ஆட்களும் தயாராக நிற்கும் நாட்டுக்குத்தான் சரிப்படும். ஜப்பானே தன் அடுத்த வலையான என்-நெட்டில், 2025இல் முழுதாக முடிந்த 36 நிலையங்களில், இரண்டு முறைகளையும் கலந்துதான் கட்டியிருக்கிறது.

சேமிக்க வேண்டிய இடம் நிலையங்களின் எண்ணிக்கை. 60 நிலையத்துக்குப் பணம் இருந்தால் 40 வைத்துவிட்டு, மீதியைக் கரைமுனைகளுக்குச் செலவு செய்யலாம். இரு முனைகளும் வெவ்வேறு தீவுகளில், 2004 அலை எட்டாத மேட்டில் ஏற வேண்டும். 1,500 மீட்டர் ஆழம் வரை புதைக்க வேண்டும். பாதை பிடிக்கும்போது கடலடிப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் போவதால் நூறு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. சென்னைப் பக்கம் ஒரு முனை வருவதாக இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கரையோரப் பகுதியைப் புதைத்து முடிப்பது நல்லது. விசைப்படகுகள் கரையில் நிற்கும். கேபிள் போகும் வழியை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து வரைபடத்தில் காட்டிப் பேசவும் அதுவே நேரம்.

வங்காள விரிகுடாவின் மிதவைகள் அப்படியே தொடரட்டும். கேபிள் அறுந்து கிடக்கும் வாரங்களில் அவைதான் கைகொடுக்கும். பழுதுபார்ப்புக்கான கப்பல் ஒப்பந்தம், உதிரிக் கேபிள், உதிரி நிலையங்கள் மூன்றும் முதல் டெண்டரிலேயே இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒவ்வொரு பழுதுக்கும் புதிதாகக் கோப்பு நகர வேண்டியிருக்கும். உதிரிகளை ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) துறைமுகத்திலேயே வைக்கச் சொல்வேன். அறுந்த இடத்துக்குக் கப்பல் போகும் வழியில் ஏற்றிக்கொண்டு போக அதுதான் பக்கம்.